கீழாநெல்லியும் வெற்று மாத்திரையும்: கல்லீரல் ஆய்வில் சேரலாமா?

வாசகி, பிரிக்ஃபீல்ட்ஸ்
6 செப்டம்பர் 2025

எனக்கு வயது 54. நீரிழிவு வந்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன. வயிற்று ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு படிந்திருப்பதைக் கண்ட மருத்துவர், புதிய மருந்து ஒன்றின் ஆய்வில் சேர விருப்பமா என்று கேட்டார். சேருபவர்களில் மூன்றில் ஒருவருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரைதான் கிடைக்குமாம். யாருக்கு எது என்று மருத்துவருக்கே தெரியாதாம். நோயாளியை ஓராண்டுக்கு மேல் இப்படி ஏமாற்றுவதற்குப் பெயர் ஆராய்ச்சியா? என் மாமியார் தினமும் காலையில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கரைத்துத் தருகிறார். அவர் கண்முன்னே மூன்று பேருக்கு மஞ்சள் காமாலை அதனால் இறங்கியிருக்கிறது. கண்ணால் கண்டதை விட்டுவிட்டு எதற்கு இந்தச் சீட்டுக்குலுக்கல்?

பினாங்குக்காரன்
6 செப்டம்பர் 2025, இரவு

ஏமாற்றப் போவதை முன்கூட்டியே எழுத்தில் சொல்லி, கையெழுத்தும் வாங்கிக்கொண்டு ஏமாற்றியவனை நான் இதுவரை சந்தித்ததில்லை. அந்தச் சொல் இருக்கட்டும். உங்கள் மாமியார் கண்ட மூன்று பேரை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் நான் ஐந்து பேரைக் கண்டவன்; அந்த ஐவரில் ஒருவனும்கூட.

1973ஆம் ஆண்டு, தென் கெடாவில் ஒரு ரப்பர் தோட்டம். எனக்கு ஒன்பது வயது. மழைக்காலத்தில் எங்கள் லயத்துப் பிள்ளைகளுக்கு ஒருவர் பின் ஒருவராகக் கண் மஞ்சளானது. தோட்டத்து டிரெசர் (மருத்துவ உதவியாளர்) குளுக்கோஸ் தூளைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். என் பாட்டி கால்வாய் ஓரத்தில் கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி வந்து, அம்மியில் அரைத்து, கொட்டைப்பாக்கு அளவுக்கு உருட்டி, மோரில் கரைத்து வெறும் வயிற்றில் குடிக்க வைத்தார். ஐந்து பிள்ளைகள் குடித்தோம். ஐவரும் ஒன்றரை மாதத்துக்குள் திடலில் பந்து விளையாடிக்கொண்டிருந்தோம்.

ஆறாவதாக ஒருவன் இருந்தான். அவன் அப்பாவுக்கும் என் பாட்டிக்கும் பேச்சுவார்த்தை இல்லாததால் அவன் வீட்டுக்கு மருந்து போகவில்லை. அவனும் எங்களோடு அதே திடலில்தான் பந்து விளையாடினான். ஐம்பது ஆண்டுகளாக எங்கள் குடும்பத்தில் ஐவரின் கதை சொல்லப்பட்டு வருகிறது. ஆறாவது பையனின் கதையை ஒருவரும் சொன்னதில்லை. நீங்கள் வீண் என்று நினைக்கும் வெற்று மாத்திரைக் குழு அந்த ஆறாவது பையனுடைய இடத்தில் இருப்பது.

அசுத்த நீராலும் உணவாலும் பிள்ளைகளிடையே அப்படிப் பரவும் காமாலை பெரும்பாலும் ஹெபடைடிஸ் ஏ வைரஸால் வருவது. மிகப் பெரும்பாலோருக்கு அது சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். நாள்பட்ட நோயாக மாறுவதில்லை. தானாக இறங்கும் நோய்க்கு எதைக் கொடுத்தாலும் கொடுத்தவருக்குப் பெயர் வரும்.

7 செப்டம்பர் 2025

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, நான் கீழாநெல்லியைக் கேலி செய்வதாக இருவர் கோபித்துக்கொண்டார்கள். அப்படியில்லை. அந்தச் செடியை முறையான ஆய்வுக்கு உட்படுத்தியவர்கள் நம் ஊர்க்காரர்கள்தான். சென்னையில் எஸ். பி. தியாகராஜன் தலைமையில் நடந்த அந்த ஆய்வு 1988இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பர்க்கின் பெயரும் அந்தக் கட்டுரையில் இருக்கிறது. காமாலை நோயாளிகளுக்கு முப்பது நாள்கள் கீழாநெல்லித் தூளோ வெற்று மருந்தோ கொடுத்தார்கள். கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்திலிருந்து வைரஸின் மேற்பரப்பு ஆன்டிஜென் (வைரஸ் உடலில் இருப்பதைக் காட்டும் புரதம்) மறைந்தது. வெற்று மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. 59 விழுக்காடு எங்கே, 4 விழுக்காடு எங்கே!

8 செப்டம்பர் 2025

மேலே ஒரு தவறு. சாதாரணத் தவறும் அல்ல. "காமாலை நோயாளிகளுக்கு" என்று எழுதிவிட்டேன். அந்த ஆய்வில் இருந்தவர்கள் காமாலை கண்டவர்கள் அல்லர். ஹெபடைடிஸ் பி வைரஸை நெடுநாளாக உடலில் சுமந்திருந்தவர்கள். கண் வெள்ளையாக இருக்கும், சாப்பாடு இறங்கும், ஆனால் வைரஸ் உள்ளே இருக்கும். ஐம்பது ஆண்டுகளாகக் கீழாநெல்லி என்றதும் காமாலை என்று சொல்லிப் பழகிய வாய், கட்டுரையில் இல்லாததையும் படித்துவிடுகிறது.

இந்த வேறுபாட்டில்தான் விஷயமே இருக்கிறது. வளர்ந்தவர் ஒருவருக்குப் புதிதாகப் பி வைரஸ் தொற்றினால் ஏறத்தாழ நூற்றுக்கு 95 பேர் தாமாகவே அதை வென்றுவிடுவார்கள். பிறந்த குழந்தைக்குத் தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகள் அதை ஆயுள் முழுக்கச் சுமக்க நேரிடும். 1989இலிருந்து மலேசியாவில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் பி தடுப்பூசி போடுவது இதற்காகத்தான். நெடுநாளாகச் சுமப்பவர்களில் ஆண்டுக்கு நூற்றில் ஒருவருக்கு அந்த ஆன்டிஜென் தானாக மறைந்தாலே பெரிது. ஒரு மாதத்தில் பாதிக்கு மேற்பட்டோருக்கு மறைந்தது என்றபோது உலகம் நிமிர்ந்து உட்கார்ந்ததில் வியப்பில்லை.

அதன் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். தாய்லாந்தில் அதே செடியைப் பி வைரஸ் சுமந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்து, ஆன்டிஜெனை அது அகற்றவில்லை என்று 1990இல் எழுதினார்கள். 1994இல் நியூசிலாந்திலிருந்தும் அதே செய்தி வந்தது. செடி வளர்ந்த மண், பறித்த பருவம், உலர்த்திய முறை ஆகியவை மாறியதால் பலன் மாறியிருக்கலாம் என்று வாதிட்டவர்கள் உண்டு. அந்த வாதத்தை நான் முற்றாகத் தள்ளவில்லை. ஆனால் சென்னையில் மட்டும் வேலை செய்யும் செடியைப் பினாங்கில் என் வீட்டுச் சாக்கடை ஓரத்தில் பிடுங்கி என்ன பயன்?

12 செப்டம்பர் 2025

"நீங்கள் ஏதாவது ஆய்வில் இருந்திருக்கிறீர்களா, அல்லது படித்துவிட்டுப் பேசுகிறீர்களா" என்று கேட்கிறார்கள். இருந்தேன். மருத்துவமனையின் பெயரும் மருந்தின் பெயரும் வேண்டாம். அந்த மருந்து கடைக்கே வரவில்லை.

ஒப்புதல் படிவம் பதினெட்டுப் பக்கம். மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தது, தமிழில் இல்லை. ஓரத்தில் பென்சிலால் தமிழில் எழுதி எழுதிப் படித்தேன். எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம், விலகினாலும் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படாது என்ற வரியின் கீழ் இரண்டு கோடு போட்டேன். அந்த வரிக்குப் பின்னால், மனிதர்களை வைத்து நடத்தும் மருத்துவ ஆய்வுகளுக்கு அறநெறி வகுத்து 1964இல் எழுதப்பட்ட ஹெல்சிங்கி அறிக்கை இருக்கிறது என்று ஆய்வுத் தாதி சொன்னபோது, என் வயதும் அதன் வயதும் ஒன்று என்று எண்ணிச் சிரித்துக்கொண்டேன்.

தொடக்கத்தில் ஒரு பயாப்சி (கல்லீரலில் ஊசியால் சிறு துணுக்கு எடுத்துப் பார்ப்பது), 48 வாரம் கழித்து இன்னொன்று. ஆறு மணி நேரம் பட்டினி. வலப்பக்க விலா எலும்புகளுக்கிடையே மரத்துப்போக ஓர் ஊசி. பிறகு "மூச்சை வெளியே விட்டு அப்படியே நிறுத்துங்கள்" என்பார்கள். பொம்மைத் துப்பாக்கி வெடித்ததைப் போல ஒரு சத்தம். அவ்வளவுதான். குத்திய இடத்தைவிட வலது தோள்பட்டை அதிகமாக வலித்தது ஏன் என்று கேட்டேன். உதரவிதானத்துக்குச் செல்லும் நரம்பு தோள்பட்டை வலியாக உணர்த்தும் என்றார்கள். பிறகு வலப்பக்கமாகச் சாய்ந்து பல மணி நேரம் படுத்திருக்க வேண்டும். முதல் மணி நேரத்தில் கால் மணிக்கொருமுறை நாடியும் இரத்த அழுத்தமும் பார்த்தார்கள். இரத்தக்கசிவு அரிது, ஆனால் இல்லாத ஆபத்து அல்ல. அதையும் படிவம் சொல்லியது. படிக்காமல் கையெழுத்திடாதீர்கள்.

இரண்டாவது பயாப்சியில், நோயால் கல்லீரலில் விழுந்திருந்த தழும்பு ஒரு படி குறைந்திருந்தது. மருந்தின் மகிமை என்று வீட்டிலும் கோயிலிலும் சொல்லித் திரிந்தேன். ஈராண்டு கழித்து ஆய்வு முடிந்து கடிதம் வந்தது. எனக்குக் கிடைத்தது வெற்று மாத்திரை.

12 செப்டம்பர் 2025, சற்று நேரம் கழித்து

"அப்படியானால் எதனால் குறைந்தது" என்று உடனே கேட்பீர்கள் என்பதால் இப்போதே எழுதிவிடுகிறேன். மாதந்தோறும் ஒருவர் என்னை எடை பார்த்தார். எடை பார்க்கப் போகிற வாரத்தில் தே தாரிக் குடிக்கக் கூச்சமாக இருந்தது. பிறகு அந்தக் கூச்சம் எல்லா வாரங்களுக்கும் பரவியது. காலையில் தண்ணீர்மலைப் பக்கத்துத் தாவரவியல் பூங்காவில் நடந்தேன். (கையில் பையோடு போகாதீர்கள், குரங்குகள் விடாது.) 84 கிலோ 78 ஆனது.

14 செப்டம்பர் 2025

மேலே எழுதியதையும் பாதி திரும்பப் பெறுகிறேன். நடையால் குறைந்தது என்று நான் சொல்வதும் என் பாட்டி கீழாநெல்லியைச் சொன்னதைப் போன்றதே. பயாப்சியில் எடுக்கும் நூல்போன்ற துணுக்கு முழுக் கல்லீரலில் ஏறத்தாழ ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. முதல் முறை தழும்பு மிகுந்த இடத்திலும் மறுமுறை சற்று நல்ல இடத்திலும் ஊசி இறங்கியிருந்தால், ஒன்றும் மாறாமலேயே எனக்கு ஒரு படி குறைந்துவிட்டதாகத் தாளில் வரும். ஒரே ஆளை வைத்துக்கொண்டு இதைத் தீர்க்க முடியாது. என் எடை குறைந்தது உண்மை. அதற்கு மேல் என் கதை எதையும் மெய்ப்பிக்கவில்லை.

19 செப்டம்பர் 2025

பயாப்சிக்கு அஞ்சும் வாசகிக்கு: எல்லோருக்கும் ஊசி தேவைப்படுவதில்லை. ஃபைப்ரோஸ்கேன் என்ற கருவி விலாவின் மேல் ரப்பர் பட்டையால் சுண்டியதைப் போல ஓர் அதிர்வைக் கொடுத்து, அந்த அலை கல்லீரலில் எவ்வளவு வேகமாகப் பாய்கிறது என்று அளக்கிறது. ஈரல் இறுகியிருந்தால் அலை விரைந்து ஓடும். இறுக்கத்தின் அளவு 8 கிலோபாஸ்கலுக்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்பு இருக்கும் வாய்ப்புக் குறைவு என்று கொள்கிறார்கள்.

அதற்கும் முன்னால், கையில் இருக்கும் இரத்தப் பரிசோதனைத் தாளைக் கொண்டே ஃபிப்-4 என்ற கணக்கைப் போடலாம். ஏஎஸ்டி, ஏஎல்டி என்பவை கல்லீரல் நொதிகளின் அளவுகள். வயதை ஏஎஸ்டி எண்ணால் பெருக்கி, அதைப் பிளேட்லெட் (இரத்தத் தட்டணு) எண்ணிக்கையையும் ஏஎல்டி எண்ணையும் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும். 1.3க்குக் கீழே வந்தால் பெரும்பாலும் கவலையில்லை, 2.67க்கு மேல் போனால் நிபுணரிடம் போக வேண்டும். என் வயது 61, ஏஎஸ்டி 38, ஏஎல்டி 49, பிளேட்லெட் 250. விடை 0.19. இந்த வயதில் இப்படி ஒரு கல்லீரலா என்று இன்று ஒரு ரொட்டி சானாய் கூடுதலாகச் சாப்பிட்டேன்.

19 செப்டம்பர் 2025, இரவு

மேலே போட்ட கணக்குத் தவறு. ஏஎல்டிக்குப் பதிலாக அதன் வர்க்கமூலத்தைப் போட வேண்டும். 49க்கு வர்க்கமூலம் 7. மேலே 2318, கீழே 1750, விடை 1.32. எல்லையை ஒரு மயிரிழை தாண்டிவிட்டேன். ரொட்டி சானாயைத் திரும்பப் பெற வழியில்லை. வயது 65ஐக் கடந்துவிட்டால் கீழ் எல்லையை 2 என்று வைத்துக்கொள்கிறார்கள், ஏனெனில் கணக்கில் வயதே எண்ணை ஏற்றிவிடுகிறது. இன்னும் நான்கு ஆண்டு காத்திருந்தால் தேர்ச்சி பெறலாம் போலிருக்கிறது.

27 செப்டம்பர் 2025

ஈப்போவிலிருந்து ஒருவர் நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். ஹெபடைடிஸ் சி மருந்துக்கு நம் நாட்டில் நடந்த ஆய்வில் வெற்று மாத்திரையே இல்லையே, அதை மட்டும் எப்படி நம்பினார்கள்?

நோய் வேறு என்பதே விடை. நாள்பட்ட சி வைரஸ் தானாகப் போவது மிக அரிது. ஒன்றும் கொடுக்காவிட்டால் ஏறத்தாழ ஒருவருக்கும் குணமாகாது என்பது முன்பே தெரிந்திருக்கையில், அதைக் காட்ட இன்னொரு குழுவை உட்கார வைக்கத் தேவையில்லை. மலேசியாவிலும் தாய்லாந்திலுமாக 301 பேருக்கு ராவிடாஸ்விரையும் சொஃபோஸ்புவிரையும் சேர்த்துக் கொடுத்தார்கள். கல்லீரல் சுருங்காதவர்களுக்கு 12 வாரம், சுருங்கத் தொடங்கியவர்களுக்கு 24 வாரம். மருந்தை நிறுத்தி 12 வாரம் கழித்துப் பார்த்தபோது நூற்றுக்கு 97 பேரின் இரத்தத்தில் வைரஸ் இல்லை. எங்கள் லயத்து ஆறாவது பையனை இங்கே அழைக்க வேண்டிய தேவையே எழவில்லை.

விலையின் கதையையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொஃபோஸ்புவிர் 2013இல் அமெரிக்காவில் வந்தபோது ஒரு மாத்திரை ஆயிரம் டாலர், 12 வாரத்துக்கு 84,000 டாலர். மலேசிய அரசு 2017இல் காப்புரிமையை மீறிப் பொது நலனுக்காக மலிவான மருந்தை வாங்கும் உரிமத்தைப் பிறப்பித்தது. மறு ஆண்டே அரசு மருத்துவமனைகளில் இலவசச் சிகிச்சை தொடங்கியது. ராவிடாஸ்விர் 2021இல் இங்கே பதிவு பெற்றது. என் பெரியப்பா மகன் அதற்கு முந்திய காலத்து இன்டர்ஃபெரான் ஊசியை வாரந்தோறும் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு முறையும் காய்ச்சலில் நடுங்கிக் கிடந்தவர், பாதியில் நிறுத்திவிட்டார். பிறகு மாத்திரையில் மூன்றே மாதத்தில் முடிந்தது. அவர் ஒரு கிளாஸ் தண்ணீரோடு அதை விழுங்குவதைப் பார்த்த அத்தை, "இதுக்கா அவ்வளவு பாடுபட்டே?" என்றார்.

28 செப்டம்பர் 2025

"மீறி" என்ற சொல் தவறு. உலக வணிக விதிகளே அதற்கு இடம் தருகின்றன. காப்புரிமை வைத்திருப்பவரின் இசைவைக் கேட்காமல் அரசு தன் தேவைக்குப் பயன்படுத்திக்கொள்வது சட்டப்படியானது.

5 அக்டோபர் 2025

கொழுப்புக் கல்லீரலுக்கு வருகிறேன், ஏனெனில் வாசகியின் நோய் அதுதான். இங்கே ஆறாவது பையன் பெருங்கூட்டமாக இருக்கிறான்.

எசென்ஸ் என்ற ஆய்வின் முதல் 800 பேரின் முடிவு இந்த ஆண்டு வெளிவந்தது. நீரிழிவுக்கும் எடைக் குறைப்புக்கும் போடும் செமாகுளுட்டைட் ஊசி வாரம் ஒருமுறை, 72 வாரம். கல்லீரல் அழற்சி நீங்கியவர்கள் மருந்துக் குழுவில் நூற்றுக்கு 62.9 பேர். வெற்று ஊசி போட்டுக்கொண்டவர்களில் 34.3 பேர்! தழும்பு குறைந்தவர்கள் மருந்துக் குழுவில் 36.8, வெற்று ஊசிக் குழுவில் 22.4. ஒப்பிடும் குழு இல்லாமல் 34.3ஐ மட்டும் கையில் வைத்துக்கொண்டிருந்தால், எந்த வேரையும் இலையையும் புட்டியில் அடைத்து மூன்றில் ஒருவருக்குக் குணம் என்று நாளிதழில் விளம்பரம் செய்யலாம். அதில் பொய் ஒன்றும் இருக்காது; அதுதான் கொடுமை. கடந்த ஆண்டு அனுமதி பெற்ற ரெஸ்மெடிரோம் மாத்திரையின் ஆய்விலும் தழும்பு குறைந்தவர்கள் வெற்று மாத்திரையில் 14.2, அதிக அளவு மருந்தில் 25.9.

இரண்டு மருந்துகளிலும் தழும்பு குறையாதவர்களே பெரும்பான்மை என்பதையும் கவனியுங்கள்.

11 அக்டோபர் 2025

நம் ஊர் ஆய்வு ஒன்றை விட்டுவிட்டேன். அதை விட்டதற்கு என் வெட்கமும் காரணமாக இருக்கலாம்.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் சான் வா கியோங் தலைமையிலான குழு, சிலிமாரின் என்ற மூலிகைச் சாற்றை ஆராய்ந்து 2017இல் முடிவை வெளியிட்டது. 99 பேர், நாளுக்கு மூன்று முறை 700 மில்லிகிராம், 48 வாரம், முன்னும் பின்னும் பயாப்சி. பயாப்சியைப் பார்த்து நோயின் கடுமைக்கு இடும் புள்ளி முப்பது விழுக்காடாவது குறைய வேண்டும் என்பது அவர்கள் முன்கூட்டியே அறிவித்த முதன்மை இலக்கு. மூலிகைக் குழுவில் 32.7 விழுக்காட்டினரும் வெற்று மாத்திரைக் குழுவில் 26 விழுக்காட்டினரும் அதை எட்டினர். தற்செயல் என்று தள்ளிவிடக்கூடிய வேறுபாடு. ஆனால் தழும்பை மட்டும் பார்த்தால் 22.4 விழுக்காட்டினருக்குக் குறைந்திருந்தது. மறுபக்கம் 6 விழுக்காடுதான்.

இந்தக் கடைசி எண்ணை மட்டும் எங்கோ கேட்டுவிட்டு, மருந்துக் கடையில் புட்டி 90 ரிங்கிட் என்று ஏழு மாதம் வாங்கித் தின்றேன். மைத்துனருக்கும் வாங்கிக் கொடுத்தேன். ஆய்வாளர்களோ, பெரிய ஆய்வில் உறுதிப்பட வேண்டும் என்றுதான் எழுதியிருந்தார்கள். குறிவைத்த மரத்தில் அம்பு படாமல் பக்கத்து மரத்தில் மாங்காய் விழுந்தால், அடுத்த முறை அந்த மரத்தைக் குறிவைத்து எய்து பார்க்க வேண்டும். நான் மாங்காயைப் பொறுக்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டேன். மூலிகை என்பதால் எனக்கு அவசரம் கூடிவிட்டது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நம்முடையது என்ற பாசம் கண்ணை மறைக்கிறது.

மூலிகை என்றால் தீங்கில்லை என்பவர்கள் மும்பையில் பதிவானதைக் கேளுங்கள். கோவிட் காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் கொடியைக் காய்ச்சிக் குடித்தவர்களில் ஆறு பேருக்குக் கல்லீரல் பாதித்ததை அங்குள்ள மருத்துவர்கள் 2021இல் எழுதினார்கள். ஈரலுக்கு நல்லது என்று குடிப்பதையும் ஈரல்தான் சமாளிக்க வேண்டியிருக்கிறது.

23 அக்டோபர் 2025

தீபாவளி முடிந்தது. மூன்று நாளில் எத்தனை வீடு, எத்தனை முறுக்கு என்று எழுதப் போவதில்லை. எடை 82. கியூபாவில் 293 பேரை ஓராண்டு தொடர்ந்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், எடையில் பத்து விழுக்காடோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் நூற்றுக்கு 90 பேரின் கல்லீரல் அழற்சி நீங்கியிருந்தது. அந்த அளவு குறைத்தவர்கள் பத்தில் ஒருவர்தான் என்பதை முறுக்குத் தட்டின் முன் உட்கார்ந்து நினைவுகூர்ந்தேன்.

வாசகி, பிரிக்ஃபீல்ட்ஸ்
8 நவம்பர் 2025

படிவத்தை வீட்டுக்கு எடுத்துவந்து பத்து நாள் வைத்திருந்து படித்தேன். நேற்றுப் போய்ச் சில கேள்விகள் கேட்டேன். முதன்மை இலக்கு என்ன, இரண்டாவது பயாப்சி வேண்டாம் என்றால் விலகலாமா, ஆய்வு முடிந்தபின் எனக்குக் கிடைத்தது எது என்று சொல்வார்களா, தீங்கு நேர்ந்தால் செலவு யாருடையது. எல்லாவற்றுக்கும் பதில் கிடைத்தது. வேறு என்ன உட்கொள்கிறீர்கள் என்று தாதி கேட்டபோது கீழாநெல்லியைச் சொன்னேன். அதை நிறுத்திச் சில வாரங்கள் கழித்துத்தான் சேர்த்துக்கொள்வார்களாம். உடன் வந்திருந்த மாமியாருக்கு முகம் வாடிவிட்டது. நாளுக்கு எத்தனை கிராம் என்று தாதி கேட்டார். மாமியார், "கொட்டைப்பாக்கு அளவு" என்றார். அந்தச் சீனப் பெண் பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள்.

பினாங்குக்காரன்
8 நவம்பர் 2025, இரவு

என் பாட்டியின் அளவும் அதுவேதான். அடுத்த முறை ஒரு பாக்கை எடுத்துப் போய் அவர்கள் தராசிலேயே வைத்துக் காட்டுங்கள். உங்கள் ஏஎஸ்டி, ஏஎல்டி, பிளேட்லெட் எண்களையும் எழுதுங்கள், கணக்குப் போட்டுத் தருகிறேன். இம்முறை வர்க்கமூலத்தோடு.